தண்ணீர் குடிக்கும் துணியும் டைரக்ட் கரண்டும்

அடுத்த வாரத்திலிருந்து நான் மைதானங்களுக்கு வரப்போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், காற்று வராத ஒரு ஜன்னல் ஆகியவற்றைக் கொடுத்து, அதற்கு 'டிசைன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஏணியும் ஹெல்மெட்டும் சேறும் இனி உங்களுக்கு. முப்பது வயதுகூட ஆகாதவள் ரிட்டயர் ஆனவள் மாதிரி பேசுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் சில மழைக்காலங்களைத் தாண்டியவர்தான் சீனியர். வெயில் காலத்தில் எல்லோருமே நல்ல எலெக்ட்ரீஷியன்கள்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நம் வேலையைக் கல்லூரியில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நான் இப்படிச் சொல்வேன்: விளையாட்டு மைதானத்தில், வெட்டவெளியில், மழை, மண், மனிதர் மூன்றும் சேர்ந்து கிடக்கும் இடத்தில் யாரையும் அடிக்காமல் கரண்ட் கொடுப்பது. இந்த மூன்றில் மழை யோக்கியமானது. மேலிருந்து கீழே வரும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மண்ணையும் சமாளித்துவிடலாம். மனிதர்தான் சிக்கல். மழை உள்ளே வராத பெட்டியை நாம் மாட்டிவிட்டு வருவோம். மறுநாளே ஒருவர் அதற்குள் மழை வர வழி செய்துவிடுவார், அதுவும் ரொம்ப அக்கறையாக.

ஒரு பள்ளி மைதானத்தில் சுவரில் ஒரு சாக்கெட் மாட்டினோம். அதன் மூடி ஸ்பிரிங் போட்டது. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். அடுத்த முறை போனபோது மூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கம்பி போட்டு மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டேன்.

"அது சும்மா சும்மா மூடிக்கிடுதும்மா. பந்துக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் பிளக்க சொருக வசதியா இல்ல. அதான் ரிப்பேர் பண்ணிட்டேன்" என்றார்.

ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருளை ரிப்பேர் பண்ணிய பெருமை அவர் முகத்தில் பொங்கி வழிந்தது. 'வெதர்ப்ரூஃப்' என்று அட்டையில் அச்சடித்து வருவதை அப்படியே நம்பாதீர்கள். அது பெட்டியின் குணம் மட்டும்தான். பெட்டியைச் சுற்றி இருப்பவர்களின் குணம் எந்த அட்டையிலும் அச்சடித்து வராது.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இராஜபாளையத்தில் ஒரு கபடி மைதானம். பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் வைத்திருக்கும் ஒரு முதலாளி, ஊருக்கு நல்லது செய்யலாம் என்று தன் செலவில் போட்டது. நான்கு மூலையிலும் உயரமான கம்பம், உச்சியில் ஃபிளட்லைட், ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் தண்ணீர் புகாத சின்னப் பெட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓரத்தில் ஒரு மெயின் பேனல். அந்த வேலையை நம் கம்பெனிதான் செய்தது. நான் தனியாகப் பொறுப்பேற்றுப் பார்த்த முதல் சைட் அது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து என்பது உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். சேத்தூரில் எங்கள் வீட்டுக்கு அது என்னோடுதான் வந்தது. எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அதனால் நான் கையெழுத்தைக் கொஞ்சம் அதிக மரியாதையோடு போடுவேன்.

அங்கே பெண்கள் கபடிப் போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கும் உள்ளூர் அணிக்கும். பொழுது சாய்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஆரம்பிப்பதாகத் திட்டம். அன்று மதியம் மேற்கிலிருந்து ஒரு மழை வந்து அடித்துவிட்டுப் போனது. ஆடுகளத்தில் மணல் கொட்டிச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் லைட் போட்டால் நிற்கவில்லை. மெயின் பேனலில் இருக்கும் ட்ரிப்பர், அதாவது எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், தூக்கிவிட்ட மறுகணமே விழுந்துகொண்டிருந்தது. எனக்கு போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து இறங்கினேன்.

நான் வரும்போது பேனல் முன்னால் மைக்செட் முனியசாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். போட்டிக்கு மைக், சீரியல் லைட், சிறப்பு விருந்தினர் பக்கத்தில் வைக்கும் ஏர்கூலர் எல்லாம் அவர் பொறுப்பு. கையில் இரண்டு பக்கமும் தோலுரித்த வயர் ஒன்று வைத்திருந்தார்.

"வா தங்கச்சி. ட்ரிப்பர் போயிருச்சு. ஒன் ஆபீஸ்ல மட்டமான ஐட்டம் வாங்கியிருக்காவ. நீ செத்த நேரம் அந்தப் பக்கம் போயி ஒரு டீயக் குடி. நான் டைரக்ட் கொடுத்திருதேன்."

டைரக்ட் என்றால் ட்ரிப்பரைச் சுற்றிக்கொண்டு நேராக லைன் கொடுப்பது. கசிவு அப்படியே இருக்கும், அதைச் சொல்ல மட்டும் ஆள் இருக்காது. வீட்டில் நாய் குரைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குப் பாய் விரித்துப் போடும் வைத்தியம்.

"ஒரு பாக்ஸயாவது தொறந்து பாத்தீங்களாண்ணே?"

"எதுக்கு? நான் எத்தன கோயில் கொடைக்கு லைட் கட்டியிருக்கேன் தெரியுமா? ஒரு எடத்துலயும் ட்ரிப்பர் வச்சதில்ல. ஒருத்தரும் வந்து கரண்ட் அடிச்சுச்சுன்னு சொன்னதில்ல."

"நல்லா அடிச்சவங்க எப்படிண்ணே வந்து சொல்லுவாங்க?"

அவர் சிரித்தார். கேலி செய்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை. நான் பேனலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அது புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஆடுகளத்து ஓரத்தில் இரண்டு அணிப் பெண்களும் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். மண் ஆடுகளத்தில் அப்படித்தான் ஆடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கேப்டன் மாரீஸ்வரி மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"யக்கா, லைட்டு வருமா? இல்ல செல்லுல டார்ச் அடிச்சு ஆடச் சொல்லுவாவளா?"

"வரும். கொஞ்சம் நேரம் ஆகும்."

"சீக்கிரம்க்கா. இவளுகளத் தோக்கடிச்சுட்டு நாங்க பஸ்ஸப் பிடிக்கணும்."

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி, "ஏட்டி, தோத்துட்டு அழுததுக்கு அப்புறமும் பஸ்ஸு இருக்குட்டி, பயப்படாத!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்கள் பாதங்களைப் பார்த்தேன். ஈர மண் கணுக்கால் வரை ஒட்டியிருந்தது. இரும்புக் கம்பம் எல்லைக்கோட்டிலிருந்து கைநீட்டும் தூரம்தான். ஒருத்தியைப் பிடிக்க ஏழு பேர் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. ஒருத்தி கம்பத்தைத் தொட்டால் போதும். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் கம்பத்தின் பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஈரமான வெள்ளைத் துணி ஒன்று நாக்கைத் துருத்திக்கொண்டு எட்டிப் பார்த்தது. பேண்டேஜ் துணி.

இராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஊரில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதில் பேண்டேஜ் துணி இருக்கும். குழாய் ஒழுகினாலும் அதுதான், பைக் சீட் கிழிந்தாலும் அதுதான், மோர் வடிகட்டவும் அதுதான். யூனிட்களில் கழித்துப்போட்ட துண்டுகள் ஊர் முழுக்கச் சும்மா கிடைக்கும். முனியசாமி அண்ணன் சீரியல் லைட்டுக்குக் கரண்ட் எடுக்க நம் பெட்டியின் அடியில் இருந்த அடைப்பானைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் தன் வயரை உள்ளே விட்டிருக்கிறார். சுற்றி இடைவெளி இருந்திருக்கிறது. மழை வந்தால் தண்ணீர் போய்விடுமே என்று கவலைப்பட்டிருக்கிறார். நல்ல மனிதர். அதனால் இடைவெளி தெரியாமல் பேண்டேஜ் துணியைத் திணித்து அடைத்திருக்கிறார். ஒரு முனை வெளியே மழையில், மறுமுனை உள்ளே கரண்ட் ஓடும் டெர்மினல் மேல். அகல் விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது மாதிரி, அது மதியம் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தால்கூட இத்தனை தண்ணீர் போயிருக்காது.

நான்கு கம்பத்திலும் அதே கைவேலை. துணியை எல்லாம் பிடுங்கி, பெட்டிகளைக் காயவைத்து, அடைப்பானைத் திரும்ப மாட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவரும், கசிவைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரும், பூட்டிய பேனலின் சாவியும்.

அதற்குள் நம் கான்ட்ராக்டர் அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, என்ன பண்ணிக்கிட்டு இருக்க? அங்க ஊரே நிக்குதாம். சிறப்பு விருந்தினர் கார்லயே உக்காந்திருக்காராம். டைரக்ட் கொடுத்துட்டுக் கெளம்பு. காலைல பாத்துக்கிடலாம்."

"புள்ளைக வெறுங்கால்ல எறங்குதுக அண்ணாச்சி."

"எத்தன வருசமா வெறுங்கால்லதான் எறங்குதுக."

"பாக்ஸுக்குள்ள தண்ணி நிக்குது."

"யாரு தொறந்து பாக்கப் போறா? எல்லாம் சரியா இருக்குன்னு நீதான் கையெழுத்துப் போட்டிருக்கேல்ல?"

"அதனாலதான் சொல்லுதேன். டைரக்ட் கொடுக்கணும்னா நீங்க வந்து உங்க கையால கொடுங்க."

"நான் மதுரையில இருக்கேன்."

"அப்ப இங்க அதுக்கு ஆளில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பயமாகத்தான் இருந்தது. பயமே இல்லை என்று கதை விடும் சீனியர்களை நம்பாதீர்கள். ஆனால் போனில் பேசும்போது நாம் பயப்படுவது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. செல்போனின் பெரிய பயன் அது.

அப்போது முதலாளி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பின்னால் போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்கள். நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். முன்வரிசையில் முதலாளியிடம் துணி வாங்கும் வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். நான் அவர்களைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

"என்ன பாப்பா பிரச்சனை? லைட்டப் போடு."

"போட்டா ஆபத்து சார். பாக்ஸுக்குள்ள தண்ணி."

கமிட்டியில் ஒருவர், "பொம்பளப் புள்ளைய வேலைக்கு அனுப்பினா இப்படித்தான். பயம்" என்றார்.

இன்னொருவர், "காலேஜ் படிச்சா பயம் சாஸ்தி ஆயிரும் போல" என்றார்.

"ஆமா சார், படிக்காதவங்களுக்குத்தான் கரண்ட் பயந்துக்கிட்டு ஒதுங்கிப் போகும்" என்றேன். யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"இங்க பாரு பாப்பா. வெதர்ப்ரூஃப்னு சொல்லித்தான் நீங்க இதப் போட்டீக. இப்பம் தண்ணி போயிருச்சுன்னு சொல்லுதீக. அப்ப உங்க மேலதான தப்பு? பேசாம சாவியக் கொடு, முனியசாமி பாத்துக்கிடுவான்."

இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள். அவரிடம் லீக்கேஜ், எர்த், மில்லிஆம்பியர் என்று நான் பேசியிருக்கலாம். எனக்கு எல்லாம் தெரியும், மார்க்கும் நன்றாகத்தான் வாங்கியிருக்கிறேன். அவருக்கு ஒரு எழுத்து ஏறியிருக்காது. சாவி போயிருக்கும். ஆனால் அவருக்கு ஒன்று என்னைவிட நன்றாகத் தெரியும்: துணி. அவர் யூனிட்டில்தான் என் அம்மா மடிப்பு வேலை பார்த்தார், அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவர் அறைக்குள் யார் போனாலும் காபிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். துணி தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

பெட்டிக்குள்ளிருந்து பிடுங்கிய ஈரத் துணியை அவர் கையில் கொடுத்தேன்.

"இது உங்க யூனிட் துணியா சார்?"

அவர் விரல்கள் தானாக அதைத் தேய்த்துப் பார்த்தன.

"நம்மதுதான். நெசவப் பாத்தாலே தெரியுமே."

"நல்லாத் தண்ணி இழுக்குமா?"

"என்ன கேள்வி இது?" குரல் உயர்ந்தது. கண் ஒரு கணம் முன்வரிசைக்குப் போய்த் திரும்பியது. "வச்ச ஒடனே குடிக்கும்மா. இந்த வட்டாரத்துல இம்புட்டு வேகமா இழுக்குற துணி வேற யாருகிட்ட இருக்கு?"

"கீழ இருக்குற தண்ணி மேல ஏறுமா?"

"மேல, கீழ, பக்கவாட்டுல, எங்க வச்சாலும் ஏறும். கடைசிச் சொட்டு வரைக்கும் விடாது."

"அந்தத் துணியத்தான் சார் நாலு பாக்ஸுலயும் சொருகி வச்சிருக்கு. ஒரு முனை வெளிய, ஒரு முனை உள்ள. மதியத்துல இருந்து குடிச்சுக்கிட்டு இருக்கு."

முதலாளி துணியைத் தேய்ப்பதை நிறுத்தினார். நான் விடவில்லை.

"உங்க துணி அப்படியெல்லாம் தண்ணி இழுக்காதுன்னு எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லுங்க சார். இப்பவே சாவியக் கொடுத்துருதேன்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அவர் சொல்லியிருந்தாலும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் துணி வாங்க வந்தவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மைதானத்தை இடித்துவிடச் சொன்னாலும் சொல்வாரே தவிர, துணியைக் குறை சொல்ல மாட்டார்.

முதலாளி துணியைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"யாருலே இதப் பொட்டிக்குள்ள சொருகுனது?"

எல்லாக் கண்களும் முனியசாமி அண்ணன் மேல் போய் நின்றன.

"நல்ல துணியாச்சேன்னுதான் முதலாளி வச்சேன்" என்றார் அவர்.

அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே நேர்மையான வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. முதலாளி சொன்னால் ஆள் வரும். அவர் யூனிட்டில் மெஷின் மேல் படியும் பஞ்சை ஊதித் தள்ளும் ப்ளோவர் இரண்டு வந்தன. மைதானத்தை ஒட்டிய கபடி கிளப் கட்டிடத்தின் தனி இணைப்பிலிருந்து அதற்குக் கரண்ட் எடுத்தோம். "காலேஜ் படிச்சா பயம்" என்று சொன்ன கமிட்டிக்காரரே ஒரு ப்ளோவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியைத் தொடும்போதெல்லாம், "மெயின் ஆஃப்லதான இருக்கு? நல்லாப் பாத்தியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் படிப்பைப் பற்றி விசாரிக்கவில்லை.

கழற்றிய அடைப்பான்கள் எங்கே என்று முனியசாமி அண்ணனைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"என் மகனுக்கு வெளையாட்டு வண்டிக்குச் சக்கரம் ஆகும்னு வச்சிருந்தேன் தங்கச்சி."

அவர் வயர்களை எல்லாம் உருவி, அடைப்பான்களை முறுக்கி மாட்டினோம். இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று மெக்கர் வைத்து ஒவ்வொரு லைனாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். அதன் பிறகுதான் பூட்டைத் திறந்து ட்ரிப்பரைத் தூக்கினேன். நின்றது. நான்கு மூலையிலும் வெளிச்சம் வந்தது. கூட்டம் விசிலடித்தது, அந்த விசில் எனக்கு இல்லை, லைட்டுக்கு. பழகிக்கொள்ளுங்கள். நம் தொழிலில் லைட் போனால் நம் பெயர், வந்தால் லைட்டின் பெயர்.

சீரியல் லைட், ஏர்கூலர், மைக் எதற்கும் கரண்ட் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவற்றை முறையாக இணைக்க அன்றைக்கு நேரமில்லை. லைட் இல்லை என்றபோதுகூட இத்தனை அலறல் இல்லை. மைக் இல்லை என்றதும் கமிட்டி ஆடிப்போய்விட்டது. சிறப்பு விருந்தினர் வெறும் தொண்டையால் இரண்டு வரி பேசிப் பார்த்தார், மூன்றாவது வரிசைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கிடைத்த கைதட்டலில் அன்று பொய்யே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. மாரீஸ்வரி முதல் ரெய்டுக்குப் போனாள். நடுக்கோட்டைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மூன்று பேர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், ஆறேழு உடம்புகள் ஒன்றாகச் சரிந்து கம்பத்தில் போய் மோதின. மாரீஸ்வரி கம்பத்தையே பிடித்துக்கொண்டு எழுந்து, "விடுங்கட்டி, மூச்சு முட்டுது!" என்று கத்தினாள். கூட்டம் புள்ளி யாருக்கு என்று சண்டை போட்டது. நான் அந்தக் கம்பத்தின் மேல் இருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி முன்வரிசையில், வெளியூர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, கையில் இன்னும் அந்த ஈரத் துணியை வைத்துக்கொண்டு என்னமோ விளக்கிக்கொண்டிருந்தார். துணிக்கு அன்றைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

போன் அடித்தது. மதுரையிலிருந்து அண்ணாச்சி.

"லைட்டு வந்துருச்சுன்னு சொல்லுதாவ. கடைசியில டைரக்ட் கொடுத்துட்டேல்ல?"

"இல்ல அண்ணாச்சி."

"பொறவு எப்படி எரியுது?"

"நாம போட்ட மாதிரியே எரியுது."

"டைரக்ட் இல்லாமலா?" என்று திரும்பவும் கேட்டார். இத்தனை வருடம் கான்ட்ராக்ட் எடுத்தவர், அப்படியும் எரியும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார் என்று நினைக்கிறேன்.